முப்பத்தாறாம் நம்பர் குண்டு

குண்டனி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ஊராட்சிகள்கூட இன்னும் 'நாடு' என்ற பெயரோடு இருக்கும் மலை கொல்லிமலை. அங்கே ஆடிப்பெருக்கை ஒட்டி ஆண்டுதோறும் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, புற்றிலிருந்த உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றதாக வன்பரணர் பாடியிருக்கிறார். அது புறநானூற்றில் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டாகியும் அம்பு விட்டவன் பெயர் மறக்கவில்லை.

அம்புக்கு எய்தவன் உண்டு. கையெறி குண்டுக்கு அப்படி யாரும் கிடையாது. ஊசியை உருவிப் பிடியை விட்டாயிற்று என்றால், அது எந்தக் கையில் இருந்தாலும் வெடிக்கும். எறிந்தவன் கையா, எதிரி கையா, நாற்பது வருஷம் கழித்து வயலில் உழும்போது அதை எடுத்துப் பார்க்கிறவர் கையா என்று அதற்குத் தெரியாது. இந்த ஆயுதத்தைச் செய்தவர்கள் எல்லாரும் காலங்காலமாக ஒரே கவலையோடுதான் செய்தார்கள்: எறிகிற சிப்பாயின் கையில் அது வெடித்துவிடக் கூடாது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் வெடிக்காமல் மண்ணில் கிடப்பதைப் பின்னால் எடுக்கப்போகிறவர் மேல் அதில் பாதி அக்கறைகூட யாரும் காட்டவில்லை. குண்டின் பயணத்தைத் தொடர்ந்து போனால் இது திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

மண்சட்டியில் நெருப்பை அடைத்து எறிவது மிகப் பழைய வழக்கம். பைசாந்தியப் படையினர் எட்டாம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். வெடிமருந்தைக் கண்டுபிடித்த சீனர்கள் இரும்பு ஓட்டுக்குள் அதை அடைத்தார்கள். 1281-இல் மங்கோலியர் ஜப்பான்மேல் படையெடுத்தபோது கொண்டுபோன குண்டுகளின் ஓடுகள் தகாஷிமா தீவை ஒட்டிய கடலடியிலிருந்து நம் காலத்தில் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் இதற்கென்றே தனிச் சிப்பாய்களைப் பிரான்ஸின் பதினான்காம் லூயி 1667-இல் ஏற்படுத்தினார். உயரமும் தோள்வலுவும் பார்த்து ஆள் எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள இரும்பு உருண்டையின் வாயில் திரி செருகியிருக்கும். மணிக்கட்டில் சுற்றிய, கனலும் கயிற்றில் அந்தத் திரியைப் பற்றவைத்து எறிய வேண்டும். அகன்ற விளிம்புத் தொப்பி தோளுக்கு மேல் கை வீசும்போது இடறியதால் இவர்களுக்கு மட்டும் விளிம்பில்லாத நெட்டைத் தொப்பி வந்தது. பிரிட்டிஷ் அணிவகுப்புகளில் இன்றும் பார்க்கும் நெட்டைத் தொப்பியின் பூர்வகதை அதுதான். திரி ஈரமானால் குண்டு வெடிக்காது. வேகமாக எரிந்தால் எறிந்தவன் இருக்க மாட்டான். இத்தனை ஆபத்துக்காகவே இவர்களுக்குக் கூடுதல் மரியாதை கொடுத்தார்கள்.

குண்டெறியும் அந்தச் சிப்பாய்களுக்குக் கிரனேடியர் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் அந்தப் பிரிவுகளையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. 1768-இல் கர்னல் வுட்டின் படை ஹைதர் அலியிடமிருந்து நாமக்கல் கோட்டையைப் பிடித்தது. கொஞ்ச காலத்தில் ஹைதர் அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். கோட்டை கை மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே கையெறி குண்டு ஏறக்குறைய ஓய்வு பெற்றிருந்தது. துப்பாக்கியின் எட்டம் கூடிய பிறகு முப்பது கஜ தூரம் நெருங்கிப் போய் உருண்டை எறிய யாருக்கும் வாய்ப்பு இல்லை. பெயர் மட்டும் பெருமையாக நின்றுவிட்டது. 1779-இல் பம்பாய்ப் படையில் உருவான கிரனேடியர் பட்டாலியனின் வாரிசுதான் இன்று ஜபல்பூரைத் தலைமையகமாகக் கொண்ட நம்முடைய 'கிரனேடியர்ஸ்' ரெஜிமென்ட். அப்துல் ஹமீதும் ஹோஷியார் சிங்கும் கார்கிலின் யோகேந்திர சிங் யாதவும் பரம்வீர் சக்கரம் பெற்றது அந்த ரெஜிமென்ட்டில் இருந்துதான்.

ஓய்வு பெற்றதை மறுபடியும் வேலைக்கு அழைத்தது பதுங்குகுழி. 1904–05-இல் ரஷ்யாவும் ஜப்பானும் போர்ட் ஆர்தரில் மோதியபோது இரு பக்கமும் குழிக்குள் உட்கார்ந்துவிட்டன. நேராகப் போகும் தோட்டா குழிக்குள் இறங்காது. மேலிருந்து விழுவதுதான் இறங்கும். கிடைத்த டப்பாக்களில் மருந்தை அடைத்து இரு தரப்பும் எறிந்துகொண்டார்கள். அதைப் பார்த்துவிட்டு பிரிட்டன் 1908-இல் 'நம்பர் 1' என்று ஒரு குண்டு செய்தது. நீளமான பிரம்புக் கைப்பிடி, நேராக விழுவதற்காக வால் போல ரிப்பன், எதிலாவது மோதினால் உடனே வெடிக்கும் முனை. மைதானத்தில் நன்றாகத்தான் இருந்தது. குறுகிய குழிக்குள் நின்று கையைப் பின்னால் வீசியபோது கைப்பிடி முதுகுக்குப் பின்னாலிருந்த மண்சுவரில் மோதியது. எதிரியைப் பார்க்காமலே பலர் அப்படிச் செத்தார்கள்.

1914 இலையுதிர்காலத்தில் இந்தியப் படைப்பிரிவு பிரான்ஸில் இறங்கியபோது சிப்பாய்களிடம் சொல்லிக்கொள்ளும்படி கையெறி குண்டே இல்லை. ஜெர்மானியரிடம் இருந்தது. நவம்பர் 23, 24 இரவு ஃபெஸ்டுபெர்ட்டில் இழந்த குழிகளை மீட்கப் போன கார்வால் ரைஃபிள்ஸ் நாயக் தர்வான் சிங் நேகி, தலையிலும் கையிலும் காயத்தோடு குழியின் ஒவ்வொரு வளைவிலும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தார். மிக அருகிலிருந்து குண்டும் துப்பாக்கியும் பொழிந்துகொண்டிருந்தன. அதற்காக அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. நம் சிப்பாய்க்கு இந்தப் போரில் கையெறி குண்டு அறிமுகமானது எறிகிறவனாக அல்ல, வாங்கிக்கொள்கிறவனாக.

அப்புறம்தான் நம்முடைய சாப்பர்களும், அதாவது பொறியியல் படையினரும், களத்திலேயே செய்ய ஆரம்பித்தார்கள். சாப்பாட்டோடு வந்த காலி ஜாம் டின்னுக்குள் வெடிமருந்தும் இரும்புத் துண்டும் போட்டு, மேலே ஒரு திரி. தீக்குச்சியால் பற்றவைத்து எறிய வேண்டும். பிரான்ஸின் குளிர்கால மழையில் திரி நனைந்துவிடும். அந்த டின்களை முன்வரிசைக்குக் கொண்டு சேர்ப்பதே தனிப் போர். 1915 மே 18-இல் ரிஷ்பூர் அருகே முன்னால் மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் குண்டு தேவைப்பட்டது. கொண்டுபோக முயன்ற இரண்டு குழுக்களும் வழியிலேயே விழுந்துவிட்டன. 15-ஆம் லூதியானா சீக்கியப் படையின் லெப்டினன்ட் ஜான் ஸ்மித் கேட்டபோது பத்துச் சிப்பாய்கள் தாமாக முன்வந்தார்கள். 96 குண்டுகளை ஊர்ந்தே இழுத்துக்கொண்டு போனார்கள். தரையெல்லாம் முந்தைய நாள்களின் பிணங்கள். எதிரிக்கு இருபது கஜ தூரத்தில் குண்டுகள் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பேரில் எட்டுப் பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்திருந்தார்கள். ஸ்மித்துக்கு விக்டோரியா சிலுவை. அவரோடு போனவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களில் மங்கல் சிங் என்ற லான்ஸ் நாயக்கின் பெயரையாவது நாம் வைத்துக்கொள்ள வேண்டும். 'இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்' பதக்கம் பெற்றவர் அவர்.

அதே மாதம்தான் பிரிட்டிஷ் ராணுவம் நம் கதாநாயகனின் முதல் வடிவத்தை ஏற்றுக்கொண்டது. செய்தவர் வில்லியம் மில்ஸ். பர்மிங்ஹாமில் அலுமினிய வார்ப்படத் தொழில் செய்துகொண்டிருந்தவர். கோல்ஃப் மட்டைகளும் வார்த்தவர். அடிப்படை யோசனை பெல்ஜியத்துக் கேப்டன் லியோன் ரோலான் என்பவருடையது. பின்னால் காப்புரிமைத் தகராறும் நடந்தது. மில்ஸ் அதைச் சிப்பாய் நம்பி எடுத்துப்போகும்படி மாற்றிக் கொடுத்தார். முதலாம் உலகப்போர் முடிவதற்குள் ஏறத்தாழ 7.5 கோடி மில்ஸ் குண்டுகள் வார்க்கப்பட்டன.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முக்கால் கிலோவுக்குச் சற்று மேலான வார்ப்பிரும்பு முட்டை. ஒரு வளர்ந்த ஆளின் உள்ளங்கையில் அடங்கும். வெளியே சதுரம் சதுரமாகப் பள்ளம் வெட்டியிருக்கும். வெடிக்கும்போது அந்தச் சதுரங்களாக உடைவதற்காகத்தான் அந்தப் பள்ளங்கள் என்று பரவலாக நம்புகிறார்கள். சேற்றுக் கையிலும் வழுக்காமல் பிடிப்பதற்காக வெட்டினேன் என்றுதான் மில்ஸ் எழுதிவைத்தார். வெடிக்கும்போது அது சொன்னபடி உடைவதும் இல்லை. சில துண்டு மணல் மாதிரி, சில துண்டு கல் மாதிரி. நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு குழல். அதற்குள் சுருள்வில்லோடு ஓர் அடிப்பான். மேலிருந்து பக்கவாட்டில் வளைந்து இறங்கும் தகட்டுப் பிடி அந்த அடிப்பானை அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடியைக் காவல் காப்பது ஒரு வளையம் கோத்த ஊசி. ஊசியை உருவினாலும் பிடியைக் கை இறுகப் பற்றியிருக்கும் வரை ஒன்றும் ஆகாது. கை விட்டதும் பிடி எகிறிப் பறக்கும், அடிப்பான் இறங்கும், திரி எரியத் தொடங்கும். தீக்குச்சி வேண்டாம், மழைக்குப் பயமில்லை, சுவரில் இடித்தாலும் வெடிக்காது. சிப்பாயின் கைவிரல்களே பூட்டு. இந்த ஒரு யோசனைக்காகத்தான் பல பத்தாண்டுகள் அதை யாராலும் ஒதுக்க முடியவில்லை. எறியும் பாணியும் கிரிக்கெட் பந்து வீசுவது போலத்தான். முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து வீசச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள்.

முதல் வடிவம் 'நம்பர் 5'. துப்பாக்கியிலிருந்தும் விடுவதற்கேற்ப மாற்றியது 'நம்பர் 23'. 1918-இல் வந்தது 'நம்பர் 36'. அதன் கூடவே 'எம்' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது. மெசபடோமியாவின் முதல் எழுத்து. இன்றைய இராக் அது. முதலாம் உலகப்போரில் இந்தியச் சிப்பாய்களும் தொழிலாளர் படையினருமாகச் சுமார் 6 லட்சம் பேர் அந்தப் பாலைவனத்துக்குப் போனார்கள். படையில் 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்களும் அவர்களில் இருந்தார்கள். பகலில் கொதிக்கும் வெயில், டைகிரிஸ் கரையில் ஈரப்புழுக்கம். குண்டுக்குள் ஈரம் இறங்கி மருந்து கெட்டுப்போனது. அதைத் தடுக்க ஓட்டுக்கு அரக்குப் பூசினார்கள்.

அந்த அரக்கு நம்முடையது. சோட்டா நாக்பூர் காடுகளில் புரசு மரத்திலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் சின்னப் பூச்சி கசியும் பிசின். பழங்குடி மக்கள் சுரண்டி எடுத்து விற்பது. வளையலுக்கும் பத்திர முத்திரைக்கும் கிராமபோன் தட்டுக்கும் உலகம் முழுக்கப் போனது இந்தியாவிலிருந்துதான். பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையும் இந்த அரக்கால்தான் என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பர்மிங்ஹாம் இரும்பின் மேல் இந்தியக் காட்டின் பிசின் ஏறியதும் குண்டு வெப்ப நாட்டுக்குத் தயாராகிவிட்டது. அதற்குப் பிறகு அது நம்மை விட்டுப் போகவே இல்லை. பிரிட்டன் 1972 வாக்கில் கைவிட்ட பிறகும் இந்தியாவில் அரை நூற்றாண்டு இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் அதற்கு ஒரு பாடம் கிடைத்தது. முதலில் அதன் திரி ஏழு விநாடி எரியும்படி இருந்தது. 1940-இல் பிரான்ஸில் சண்டையிட்டபோது ஏழு விநாடி மிக நீளம் என்று தெரிந்தது. எதிரி ஓடிப்போய்விடலாம், அல்லது எடுத்துத் திருப்பி எறிந்துவிடலாம். நான்கு விநாடியாகக் குறைத்தார்கள். 1944-இல் கோஹிமாவில் துணை ஆணையரின் பங்களாவுக்குச் சொந்தமான டென்னிஸ் மைதானத்தின் இரு ஓரத்திலும் இரு படைகளும் குழி வெட்டி உட்கார்ந்துகொண்டு, நடுவில் அந்த மைதானத்தின் அகலம் மட்டுமே இருக்க, நாள்கணக்கில் குண்டுகளை எறிந்துகொண்டன. ஜப்பானியரை இந்தியாவுக்குள் வரவிடாமல் நிறுத்திய சண்டைகளில் அதுவும் ஒன்று.

அந்தச் சில விநாடிகள் என்றால் என்ன என்று புரிய கோஹிமா வரை போக வேண்டாம். பெங்களூருக்கு வடக்கே தொண்டேபாவி என்ற ஊர் இருக்கிறது. 1945 செப்டம்பர் 12. ஜப்பான் சரணடைந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பத்து நாள் ஆகிவிட்டது. போர் முடிந்துவிட்டது. அங்கே முகாமில் இருந்த 13-ஆம் ஃபிரன்டியர் ஃபோர்ஸ் ரைஃபிள்ஸ் பிரிவு பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. இன்றைய இமாச்சலத்தின் பிலாஸ்பூர் பக்கத்து நாயக் கிர்பா ராம் தன் பிரிவோடு நிலையெடுத்திருந்தார். ஓர் இளம் சிப்பாய் துப்பாக்கிக் கிண்ணத்திலிருந்து விட்ட குண்டு போக வேண்டிய தூரம் போகாமல் எட்டு கஜத்தில் விழுந்தது. எல்லாரையும் பின்னால் போய் மறையச் சொல்லிக் கத்திக்கொண்டே கிர்பா ராம் முன்னால் ஓடினார். தூரமாக எறிந்துவிடலாம் என்று எடுத்தார். கையிலேயே வெடித்தது. அவர் உடல் தாங்கிக்கொண்டதால் மற்றவர்களுக்குச் சிறு காயத்தோடு போயிற்று. மரணத்துக்குப் பின் ஜார்ஜ் சிலுவை வழங்கினார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. குண்டில் குறை இல்லை. அது செய்ய வேண்டியதைச் செய்தது. அங்கே எதிரி இல்லை, போரே இல்லை. தப்பி விழுந்த ஒன்றை எடுக்க ஒருவர் கை நீட்டினார். இந்த ஆயுதத்தால் பிற்காலத்தில் செத்த எத்தனையோ பேருடைய கதை இதே கதைதான். அவர்களுக்குப் பதக்கம் மட்டும் இல்லை.

சுதந்திர இந்தியாவின் வீரவரலாற்றிலும் முப்பத்தாறாம் நம்பருக்கு இடம் உண்டு. 1948 ஜூலை 18-இல் காஷ்மீரின் டித்வாலில் கம்பெனி ஹவில்தார் மேஜர் பீரு சிங் தன்னுடன் வந்த எல்லாரும் விழுந்த பிறகும் தனி ஆளாகக் குழிக்குக் குழி தாவினார். முகத்தில் எதிரி குண்டின் சிதறல் தைத்துக் கண்ணில் ரத்தம் வழிய, தலையில் தோட்டா பாய்ந்து விழும் தறுவாயிலும் கடைசிக் குழிக்குள் ஒரு குண்டை எறிந்தார். 1971 டிசம்பரில் அகர்தலாவை ஒட்டிய கங்காசாகரில் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா இரண்டு மாடிக் கட்டடத்திலிருந்து சுட்டுக்கொண்டிருந்த இயந்திரத் துப்பாக்கியை நோக்கிக் காயத்தோடு ஊர்ந்துபோய்க் குண்டை உள்ளே போட்டார். அப்படியும் அது அடங்கவில்லை. சுவரேறி உள்ளே குதித்து முடித்துவைத்துவிட்டுத்தான் இறந்தார். இருவருக்கும் பரம்வீர் சக்கரம். எக்கா ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பத்தவர். குண்டுக்கு அரக்குக் கொடுத்த அதே காட்டுச் சீமை.

அந்தத் துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் கையில் நாம் கொடுத்தது எதை? துண்டுகள் ஒழுங்கில்லாமல் சிதறும், எறிந்தவனையே தேடி வரக்கூடிய, முதலாம் உலகப்போர் வடிவத்தை. சிப்பாய் சராசரியாக முப்பது கஜம்தான் எறிய முடியும். பெரிய துண்டுகள் நூறு கஜம் வரை பறக்கும். எறிந்துவிட்டு மறைய இடம் இல்லாவிட்டால் அவன் கதியும் அதுதான். ஏவுகணை செய்தோம், செயற்கைக்கோள் விட்டோம். காலாட்படைச் சிப்பாயின் இடுப்பில் மட்டும் 1918 தொங்கிக்கொண்டிருந்தது. இதை நாடு வெட்கத்தோடு நினைவில் வைக்க வேண்டும்.

மாற்று வந்தது. சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வுக்கூடம் வடிவமைத்தது, நாக்பூரின் எகனாமிக் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் என்ற தனியார் நிறுவனம் தயாரிக்கிறது. 2020 அக்டோபர் 1-இல் 10 லட்சம் குண்டுகளுக்கு 409 கோடி ரூபாய் ஒப்பந்தம் போடப்பட்டது. ஒன்றின் விலை நாலாயிரத்துச் சொச்சம். 2021 ஆகஸ்ட் 24-இல் முதல் தொகுதியைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் முன்னிலையில் ராணுவம் பெற்றுக்கொண்டது. வார்ப்பிரும்பு போய் பிளாஸ்டிக் உடல். உள்ளே ஒரே அளவில் 3,800 இரும்புத் துணுக்குகள் பதித்த உறை. உறையோடு எறிந்தால் தற்காப்புக் குண்டு. உறையைக் கழற்றிவிட்டு எறிந்தால் சத்தமும் அதிர்வும் கொண்டு எதிரியை நிலைகுலையச் செய்யும் தாக்குதல் குண்டு, முன்னேறிப் போகிற சிப்பாய்க்குச் சிதறல் ஆபத்து இல்லை. எறிந்தது எறிந்தபடி வெடிக்கும் நம்பகமும் பழையதைவிட மிக அதிகம். ராணுவத்தார் அதைப் போர்த்திறனாகப் பார்ப்பார்கள். எனக்கு அதில் இன்னொரு நன்மை பெரிதாகத் தெரிகிறது. வெடிக்காமல் மண்ணுக்குள் போகும் குண்டுகள் குறையும்.

கொல்லிமலையின் கிழக்கடிவாரமான புளியஞ்சோலை திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத் தலைநகரின் ஓரத்தில், 1966 முதல் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலையில் இந்தக் குண்டு இன்னொரு பிறவி எடுக்கிறது. கையை விட்டுக் குழாய்க்கு மாறிய பிறவி. ரிவால்வர் மாதிரி சுழலும் உருளையில் ஆறு குண்டுகளை அடுக்கி ஒன்றன்பின் ஒன்றாக விடும் 40 மி.மீ. ஏவி அங்கே தயாராகிறது. துப்பாக்கிக் குழலின் அடியில் மாட்டும் சிறு ஏவியும் அங்கேதான். முப்பது கஜம் நானூறு மீட்டர் ஆகிவிட்டது. எறிகிற சிப்பாய்க்கு இனித் தோள்வலு தேவையில்லை. எதிரியின் முகத்தைப் பார்க்கவும் தேவையில்லை.

தமிழருக்கு இந்தக் குண்டு மிக நெருங்கிப் பரிச்சயமானது பாக் நீரிணைக்கு அப்பால். ஈழத்தில் அதற்குக் கைக்குண்டு என்று பெயர். எண்பதுகளில் தமிழ் ஆயுத இயக்கங்கள், இலங்கை ராணுவம், பிறகு இந்திய அமைதிப்படை என எல்லார் கையிலும் அது இருந்தது. விடுதலைப் புலிகள் தாங்களே தயாரிக்கவும் செய்தார்கள். 1987 மார்ச் இறுதியில் யாழ்ப்பாண நகரில் வாகனத்தில் இருந்த புலிகளின் தளபதி கிட்டுவின் மேல் யாரோ வீசிய கைக்குண்டு அவருடைய காலைப் பறித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18-இல், இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், கொழும்பு நாடாளுமன்றக் கட்டடத்தில் ஆளுங்கட்சிக் கூட்டத்துக்குள் இரண்டு கைக்குண்டுகள் வந்து விழுந்தன. குறி ஜனாதிபதி ஜெயவர்த்தனே. அவரும் பிரதமர் பிரேமதாசாவும் உட்கார்ந்திருந்த மேசையில் பட்டுத் தெறித்து வேறு பக்கம் உருண்டு வெடித்தன. நாடாளுமன்ற உறுப்பினர் கீர்த்தி அபேவிக்ரம உள்ளிட்டோர் உயிரிழந்தார்கள். அமைச்சர் லலித் அத்துலத்முதலி படுகாயமடைந்தார். ஒப்பந்தத்தை எதிர்த்த சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் வேலை என்று குற்றம் சுமத்தப்பட்டது. குண்டு மேசையில் தெறித்த கோணம் கொஞ்சம் மாறியிருந்தால் இரண்டு நாடுகளின் வரலாறு மாறியிருக்கும்.

2009 மேயில் போர் முடிந்தது. முடிந்தது என்று அரசுகள் சொல்லலாம். மண் சொல்ல வேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையில் முகமாலை என்ற ஊர் ஆண்டுக்கணக்கில் இரு படைகளின் முன்னரங்காக இருந்தது. பனையும் தென்னையும் தலையில்லாமல் நின்ற பூமி. அங்கே கண்ணிவெடியும் எறிகணையும் கைக்குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து கிடந்தன. ஹலோ டிரஸ்ட், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளின் பணியாளர்கள் அதை அங்குலம் அங்குலமாகக் கிளறி வருகிறார்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிறவர்கள் பலர். வெயிலில் கனமான கவசமும் முகமூடியும் போட்டு, மண்டியிட்டு, நீளக் கைப்பிடி வைத்த வாரியால் மண்ணை மெதுவாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவர் முடிப்பது சில சதுர மீட்டர்தான். இரும்பு தட்டுப்பட்டால் வாரியை வைத்துவிட்டுத் தூரிகையும் கையும். கண்டெடுத்ததை அந்த இடத்திலேயே வெடிக்கவைத்து அழிப்பார்கள். எறிந்தவன் நான்கு விநாடியில் முடித்த வேலையை இந்தப் பெண் பதினைந்து வருஷம் கழித்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சரிசெய்கிறாள். இந்த ஆயுதத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய வீரமாகத் தெரிவது அவளுடையதுதான்.

அது அக்கரைச் சங்கதி என்று நாம் இருந்துவிட முடியாது. 2018 ஜூன் மாதம் ராமேஸ்வரம் அருகே தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருள்களும் வந்தன. எண்பதுகளில் இயக்கங்கள் இங்கே முகாமிட்டிருந்த காலத்தில் புதைத்தவை என்று போலீஸார் கருதினார்கள். அதன்மேல் முப்பது வருஷமாகக் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. 2024 அக்டோபர் இறுதியில் திருச்சிக்கு அருகே அந்தநல்லூரில், கோயிலை ஒட்டிய காவிரிக் கரையில் பழைய எறிகணை ஒன்று கிடந்தது. ராணுவத்தினர் வந்து அழிக்க வேண்டியிருந்தது. குளிக்கப் போகிற படித்துறை அது.

காட்டில் இன்னொரு கொடுமை நடக்கிறது. காட்டுப்பன்றியைக் கொல்லப் பழத்துக்குள்ளும் கொழுப்பு உருண்டைக்குள்ளும் வெடிமருந்தை ஒளித்துவைக்கும் அவுட்டுக்காய். கோவை வட்டாரக் காடுகளில் யானைக் குட்டிகள் இதைக் கடித்து வாய் சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் துடித்துச் செத்திருக்கின்றன. 2020 மே மாதம் பாலக்காட்டில் கருவுற்ற யானை ஒன்று ஆற்றில் நின்றபடியே இறந்ததை நாடே பார்த்தது. மாடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்கப் போகிறவர்களும் இதில் கை இழந்திருக்கிறார்கள். எடுப்பவர் யார் என்று தெரியாத அதே குருட்டுத்தனம், ராணுவ முத்திரை மட்டும் இல்லாமல்.

தொழில்நுட்பம் குண்டைத் தயாரிப்பதில் செலவழித்ததில் ஒரு சிறு பங்கையாவது அதைத் தோண்டி எடுப்பதில் செலவழிக்க வேண்டும். இலங்கையின் வடக்கில் மிச்சமிருக்கும் நிலம் முழுதும் சுத்தமாகும் வரை வெளிநாட்டு நிதி வற்றாமல் வர வேண்டும். வற்றினால் நாம், பக்கத்து நாட்டுக்காரர்கள், கொடுக்க வேண்டும். அந்த மண்ணில் நம் ராணுவம் எறிந்தவையும் இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயலிலோ கிணற்று மேட்டிலோ ஆற்று மணலிலோ பழைய இரும்புக் கடையிலோ துருப்பிடித்த உருண்டையோ குழலோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், உதைக்காதீர்கள், கழுவிப் பார்க்காதீர்கள், போட்டோ எடுக்க நெருங்கவும் வேண்டாம். வந்த தடத்திலேயே பின்வாங்கி, மற்றவர்கள் போகாமல் தடுத்து, தமிழ்நாட்டில் 100 அல்லது 112, இலங்கையில் 119 எண்ணுக்குச் சொல்லுங்கள். முக்கியமாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். புதிதாக எதைப் பார்த்தாலும் முதலில் கையில் எடுப்பது அவர்கள்தான்.